குறி பிழைத்தவன்

பெப்ரவரி 6, முள்ளியவளை

துன்பியல் நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாக அரிஸ்ரோட்டில் சொல்லும் ‘ஹமார்ஷியா’வை, உயர்தர வகுப்பில் இத்தனை ஆண்டுகளாகக் ‘குணக்குறைபாடு’ என்றே எழுதி வந்தேன். இன்று அதை அழித்துவிட்டுப் ‘பிழை’ என்று எழுதினேன். கிரேக்கத்தில் அச்சொல்லின் வேர் குறி தவறுதலைச் சுட்டுவது. வள்ளுவரும் இலக்குத் தவறிய வேலை ‘யானை பிழைத்த வேல்’ என்றே பாடினார். தீயவன் வீழ்ந்தால் நமக்கு இரக்கம் வருவதில்லை. மாசற்றவன் வீழ்ந்தாலோ மனம் கசந்து விலகுகிறது. இவ்விருவருக்கும் இடைப்பட்டவனாய், உயர்ந்த நிலையிலிருந்து, கொடுமையால் அன்றிப் பிழையால் சரிபவனைக் கண்டே இரக்கமும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன.

பெப்ரவரி 9

கோவலன் கூத்து வழிவழியாக ஆடப்படும் ஊர் இது. என் மாணவர் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் பொங்கலோடு வளர்ந்தவர்கள். ஆகவே, “கோவலன்தானே சேர் அவலநாயகன்?” என்று ஒரு மாணவி கேட்டதில் வியப்பில்லை. நான் இல்லை என்றேன். ‘சிறுமையும் செய்தேன்’ என்று கண்ணகியிடம் தன் தவற்றை ஒப்புக்கொண்ட பிறகுதான் அவன் சிலம்பு விற்கப் போகிறான். அவனைக் கொன்றது பிறன் பிழை. அந்தப் பிறன் பாண்டியன். ஊடிய தேவியைத் தேடி விரைந்துகொண்டிருந்தவன், பொற்கொல்லன் சொன்னதைத் ‘தேரானாகி’, அதாவது ஆராய்ந்து பாராமல், காவலரை ஏவினான் என்கிறார் இளங்கோவடிகள். கண்ணகி அவனை முதலில் விளிப்பதும் ‘தேரா மன்னா’ என்றுதான். அவனுடைய பிழைக்கு இதைவிடச் சரியான பெயரை நான் எங்கும் கண்டதில்லை.

கேட்ட மாணவியின் முகம் தெளியவில்லை.

பெப்ரவரி 12

இரவு கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளிசின் ‘ஈடிப்பஸ்’ நாடகத்தை மீண்டும் படித்தேன். முந்தைய மன்னனைக் கொன்றவன் எவனோ, அவன் பாழாகட்டும் என்று ஊரறியச் சபிக்கிறான் ஈடிப்பஸ். மூன்று வழிகள் கூடும் சந்தியில் கொலை செய்தவன் தானே என்பதும், கொல்லப்பட்டவர் தன் தந்தை என்பதும் தெரியவரும்போது அச்சாபம் அவன் தலையிலேயே விழுகிறது. உண்மையை அறிதலும் நிலை தலைகீழாதலும் ஒருசேர நிகழ்வதே மிகச் சிறந்தது என்பதற்கு அரிஸ்ரோட்டில் காட்டும் சான்றும் இந்நாடகமே. அதே இறுக்கம் வழக்குரை காதையிலும் இருக்கிறது. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று கண்ணகியிடம் பாண்டியன் நீதி சொல்கிறான். தேவியின் சிலம்பில் முத்து இருக்க, உடைத்த சிலம்பிலிருந்து மணி தெறிக்கிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று தான் சொன்ன நீதிக்குத் தன்னையே ஒப்புக்கொடுத்து வீழ்கிறான். வெளியிலிருந்து எவரும் அவனைத் தண்டிக்க வேண்டியிருக்கவில்லை.

பெப்ரவரி 16

ஒத்திகை. கோவலனுக்காக வாதாடிய மாணவியே அரசன் வேடத்தைக் கேட்டு வாங்கினாள். அரியணையிலிருந்து சரியும் இடத்தில் அவள் அலறவில்லை. மணி தெறித்து விழுந்த தன் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, ‘கெடுக என் ஆயுள்’ என்பதை எவரிடமும் சொல்லாமல் தனக்கே சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்.