பன்னிரண்டு வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?

என் மாமனார் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சாமான் வீட்டுக்கு வந்தாலும் அதன் முகத்தைப் பார்க்க மாட்டார். திருப்பிப் போட்டு முதுகைத்தான் படிப்பார். மிக்ஸி, கிரைண்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் எங்கள் வீட்டில் குடியிருக்கின்றன. அப்படிப்பட்டவர் வந்து தங்கியிருக்கும் நேரம் பார்த்தா என் மகன் கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு கேட்க வேண்டும்?

மகன் காட்சித் தொடர்பியல் முதலாண்டு படிக்கிறான். பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் பாடத்துக்காகப் படம் செய்ய வேண்டும், கார்டு இல்லாமல் ஒரே ஒரு படம் முடியவே யுகமாகிறது என்றான். உண்மைதான். கால்பந்து விளையாட்டும் அதே கார்டில் வழுக்கிக்கொண்டு ஓடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதுவும் உண்மைதான்.

எங்கள் கம்ப்யூட்டர் 2018-ல் சென்னை ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கிப் பூட்டியது. ஐ5-8400 பிராசஸர், சிக்கனமான மதர்போர்டு, கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே இருப்பவற்றுக்கெல்லாம் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி. அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் விலாவில் 450 என்று கட்டைவிரல் உயரத்துக்கு அச்சடித்திருக்கும்.

"450 இருக்கிறதே, அதுவே போதும் அப்பா. கார்டை மட்டும் வாங்கினால் ஆயிற்று" என்றான் மகன். சிக்கனம் அவன் வாயிலிருந்து வந்ததில் நான் நெகிழ்ந்துபோனேன்.

மாமனார் நெகிழவில்லை. நான்கு திருகுகளைக் கழற்றி அந்தப் பெட்டியை வெளியே எடுக்கச் சொன்னார். எட்டு வருடத்துத் தூசியைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தார். பஞ்சாங்கத்துக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை ஒட்டுத்தாளின் மேல் பிடித்தார். காலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்கு விழுந்தது. 3.3 வோல்ட்டில் 20 ஆம்பியர், 66 வாட். 5 வோல்ட்டில் 20, அது 100. 12 வோல்ட்டில் 14, அது 168. மிச்சம் மீதிச் சில்லறை 16. ஆக மொத்தம் 350.

"மாப்பிள்ளை, எல்லாவற்றையும் கூட்டினாலும் நூறு வாட் உதைக்கிறதே. 450 எங்கே?"

மகன் கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். 450 இருந்தது. அதன் அருகில் வாட் என்ற சொல்தான் இல்லை. "மாடல் எண் தாத்தா. அதன் பெயரே 450."

"உனக்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தால் வாசலில் ஜீப் வந்து நின்றிருக்குமா?"

மகனிடம் பதில் இல்லை. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பிராசஸரும் கார்டும் தங்களுக்கு வேண்டியதை அநேகமாக 12 வோல்ட் தடத்திலிருந்துதான் எடுக்கின்றன. 3.3-லும் 5-லும் எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும் அவற்றுக்கு உதவாது. மகன் ஆசைப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு தனியாகவே 170 வாட் கேட்கும். பிராசஸருக்கு 65. இருப்பதோ 168. கார்டு ஒன்றுக்கே இரண்டு வாட் பற்றாக்குறை! தயாரிப்பாளர் அந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடச் சொல்வதும், போர்டில் கார்டைச் செருகும் பள்ளம் 75 வாட்டுக்கு மேல் கொடுக்காது என்பதால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எட்டு முனை வயர் ஒன்று தனியாக வர வேண்டும் என்பதும் பிறகு தெரிந்தன. எங்கள் பெட்டியில் அந்த வயரே கிடையாது.

அடுத்த விவாதம், எந்தக் கார்டு? ஆர்டிஎக்ஸ் 4060 புதியது, 2023-ல் வந்தது, 115 வாட்தான். மாமனார் உடனே அந்தப் பக்கம் சாய்ந்தார். 55 வாட் மிச்சம், நாளுக்கு நான்கு மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 13 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு என்று எனக்கு நினைவூட்டினார். நினைவூட்டத் தேவையில்லை, பில் கட்டுபவன் நான்.

மகன் விடவில்லை. 4060-ல் நினைவகம் 8 ஜிபி, 3060-ல் 12. பெரிய காட்சிகளைப் பிளெண்டரில் ஏற்றும்போது நினைவகம்தான் முதலில் நிரம்புமாம். தவிர, 4060 எட்டு லேன்களில்தான், அதாவது தரவு ஓடும் எட்டுப் பாதைகளில்தான், போர்டோடு பேசும். எங்கள் போர்டில் அந்த இணைப்பு பழைய மூன்றாம் தலைமுறை என்பதால் வேகம் கொஞ்சம் அடிபடும். 3060-க்குப் பதினாறு லேன். இந்தப் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. மாமனாருக்குப் புரிந்தது. "கம்பி பருமன் போதாது என்கிறான்" என்று சொல்லிவிட்டுக் கட்சி மாறினார்.

இவ்வளவு நேரமும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அது உள்ளே போகுமா?"

யாரும் யோசிக்கவில்லை. தையல் டேப்பை அவளே எடுத்து வந்தாள். பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்டு டிஸ்க் கூண்டு வரைக்கும் 26 சென்டிமீட்டர். மகன் படம் எடுத்து வைத்திருந்த மூன்று விசிறிக் கார்டு 30-க்கும் மேல். இரண்டு விசிறி வைத்த 24 சென்டிமீட்டர் கார்டு என்று முடிவானது. அலங்கார விளக்கு இல்லாததால் விலையும் குறைந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்ன வீட்டில் பணத்தை மிச்சப்படுத்தியது அந்த டேப் ஒன்றுதான் என்பேன்.

ரிச்சி தெருவில் நடப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். வலது தோளில் பார்சல் வண்டி இடிக்கும், இடது பக்கம் "சார், என்ன வேண்டும் சார்" என்று ஒருவர் கூடவே வருவார். முதலில் நுழைந்த கடையில் "தம்பி, 3060 எதற்கு? 4 ஜிபி கார்டு இருக்கிறது, தனி வயரே வேண்டாம்" என்று ஜிடி 730 பெட்டியை நீட்டினார்கள். 2014-ல் வந்த ரகம். மகன் பெட்டியைத் திருப்பினான். தாத்தா வைத்தியம் பிடித்துக்கொண்டது போலும்! டிடிஆர்3 நினைவகம், 64 பிட் என்று பொடி எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினான். அந்த நினைவகம் நொடிக்கு 15 ஜிபியைத் தாண்டாது, 3060-ல் 360 என்றான். கடைக்காரர் பெட்டியைப் பேசாமல் உள்ளே வைத்தார்.

எஸ்எம்பிஎஸ் மாமனாரின் இலாகா. ஒவ்வொரு கடையிலும் ஒரே கேள்வி. "பன்னிரண்டு வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்?" ஒருவர் "எல்லாம் நல்ல ஆம்பியர்தான் ஐயா" என்றார். இன்னொருவர் "கோல்டு எடுங்கள், தங்கம் மாதிரி உழைக்கும்" என்றார். பிரான்ஸ் என்னும் வெண்கலம், கோல்டு என்பதெல்லாம் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதற்கான தரம். பாதிச் சுமையில் பிரான்ஸுக்குக் குறைந்தது 85 சதவீதம், கோல்டுக்கு 90. உழைப்பது வேறு கதை. இதை மாமனார் விளக்கத் தொடங்கியபோது அந்தக் கடையில் கூட்டம் கலைந்தது.

கடைசியில், மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு சின்னக் கடை. உள்ளே ஒரு பெரியவர் சால்டரிங் அயர்னோடு போர்டின் மேல் குனிந்திருந்தார். கேள்வி முடிவதற்குள், நிமிராமலே, "550-ல் 45. தடம் ஒன்றுதான், பிரிக்கவில்லை" என்றார். மாமனார் முகத்தில், சம்பந்தி வீட்டார் கிடைத்துவிட்ட களை. 45 பெருக்கல் 12, 540. ஒட்டுத்தாளிலும் அதே எண். பிறகு இருவரும் கெப்பாசிட்டருக்குப் போய்விட்டார்கள்: 85 டிகிரி தாங்குவது எப்படி உப்பும், 105 டிகிரி தாங்குவது எவ்வளவு காலம் நிற்கும் என்று. இடையில் டீ வந்தது. நானும் மகனும் கார்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் காத்திருந்தோம். கார்டு 25,000 ரூபாயைச் சுற்றி ஆனது, எஸ்எம்பிஎஸ் 4,000 சொச்சம். எனக்குத் தெரிந்து மாமனார் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அந்த எஸ்எம்பிஎஸ்.

பூட்டுவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. அன்று மாலையே கரண்ட் போனதும் யுபிஎஸ் கூக்குரலிட்டுச் சில நொடிகளில் கண்ணை மூடியதுதான் சிக்கல். அதில் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று பெரிதாகவும், 360 வாட் என்று சிறிதாகவும் போட்டிருந்தது. "இவனாவது வாட்டைத் தனியாக எழுதியிருக்கிறான், யோக்கியன்" என்று மாமனார் நற்சான்று கொடுத்தார். பேட்டரி மாற்றும் செலவு என் கணக்கில் ஏறியது.

மறுநாள் முதல் படம் தயார் என்று மகன் எல்லாரையும் கூப்பிட்டான். திரையில் ஒரு டோனட். இளஞ்சிவப்புப் பாகு வழிய, மேலே வண்ண மிட்டாய்த் தூவலுடன் பளபளத்தது. பிளெண்டர் கற்பவர்கள் பலரும் முதலில் இதைத்தான் செய்வார்களாம்.

"வடை நன்றாக வந்திருக்கிறது" என்றார் மாமனார். "எவ்வளவு நேரம் ஆனது?"

"இரண்டு நிமிடம் தாத்தா."

காலண்டர் தாள் வந்தது. 170 வாட், இரண்டு நிமிடம். ஆறு வாட்-மணி கூட இல்லை. "உன் இண்டக்‌ஷன் அடுப்பில் எண்ணெய் காய்வதற்குள் இதைப்போலப் பல மடங்கு இழுத்துவிடும்" என்று மகளிடம் தீர்ப்புச் சொன்னார்.

"சரி அப்பா, மூன்றரை மணி டீக்கு அதையே தட்டில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு என் மனைவி அடுக்களை விளக்கை அணைத்தாள்.