ஜூலை 7-க்கு முன்னால் கொஞ்சம் காற்று

ஜூன் 16, இரவு

பாம்பன் பாலம் ஏறும்போது மணி நான்கு. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினேன், நன்றாகவே அடித்தது. பக்கத்தில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், அதையொட்டிப் புதுப் பாலம். அக்கா இரண்டையும் பார்க்கவில்லை. கீழே தண்ணீரில் வெள்ளை நுரை தெரிகிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். தெரிந்தது. "15 நாட்ஸ் இருக்கும்" என்றார். மணிக்கு 28 கி.மீ. அக்கா கண்ணால் சொன்னால் காற்றுமானி தேவையில்லை.

அறைக்கு வந்து சாமான் இறக்குவதற்குள் இருட்டிவிட்டது.

ஜூன் 17

காற்று இல்லை.

ஜூன் 18

இன்றும் 8, 9-க்கு மேல் போகவில்லை. ஆளைப் போர்டோடு இழுக்கும் என் 12 சதுர மீட்டர் கைட்டுக்கே (பட்டம்) இது காணாது. எனக்குக் கவலையில்லை, நான் அடுத்த வருடமும் வருவேன். ஜூலை 7 அன்று அக்காவுக்குக் காலில் ஆபரேஷன். அதற்குள் அவருக்குத்தான் காற்று வேண்டும், அதுவும் பலமான காற்று. இதை எங்களோடு வந்த டாக்டரிடம் இன்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "காத்து கம்மியா இருந்தா அக்காவுக்கு சேஃப்தானே?" என்கிறான். கண் டாக்டரானாலும் டாக்டர்தானே, புரிய வேண்டாமா? அவனும் கைட் ஆள். அக்கா ஓட்டும் விண்ட்சர்ஃபிங்கில், அதாவது செயில் (பாய்) கட்டிய போர்டில், ஒரு முறைகூட விழுந்து எழுந்ததில்லை.

காற்று குறைவாக இருந்தால் போர்டின் மேல் ஏறி நின்று, குந்தி, தண்ணீரில் கிடக்கும் செயிலைக் கயிற்றால் இழுத்துத் தூக்க வேண்டும். செயில் மேல் நிற்கும் தண்ணீரும் சேர்ந்து கனக்கும். அவ்வளவு பாரமும் முதுகுக்கும் முட்டிக்கும். காற்று 14, 15 இருந்தால் இந்தக் கஷ்டமே கிடையாது. தண்ணீரில் மிதந்தபடி செயிலின் ஓரத்தை லேசாகத் தூக்கிக் காற்றுக்குக் காட்டினால் போதும். பின்னங்காலைப் போர்டில் வைத்ததும் காற்றே ஆளைத் தூக்கி நிறுத்திவிடும். அக்காவின் இடது முட்டி இப்போது இருக்கும் இருப்பில் குந்துவது நடக்காது. வேறொரு கை அவரைத் தூக்கிவிட வேண்டும். அந்தக் கை காற்றுதான்.

இரவு ஒன்றரைக்கு எழுந்து ஃபோனில் பார்த்தேன். நாளைக்கும் 10 என்றுதான் காட்டுகிறது. மூன்றரைக்கு மறுபடி பார்த்தேன்.

ஜூன் 19

9 நாட்ஸில் தம்பி மட்டும் போனான். கையில் விங் (காற்றடைத்த சின்னப் பாய்), காலடியில் ஃபாயில். போர்டுக்குக் கீழே 85 சென்டிமீட்டர் தண்டு, அதன் அடியில் சின்ன இறக்கை. வேகம் கொஞ்சம் கூடியதும் அந்த இறக்கை போர்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுகிறது. அப்புறம் தண்ணீரில் உரசுவது தண்டும் இறக்கையும் மட்டும்தான், அதனால்தான் இந்தக் காற்றே அவனுக்குப் போதும். சத்தமே இல்லாமல் போனான்.

ஆனால் இந்தப் பக்கத்துக் கடல் அவனுக்கு ஒத்துவரவில்லை. பாக் விரிகுடாக் கரையில் எவ்வளவு தூரம் நடந்தாலும் முட்டளவுதான். இடுப்புவரை தண்ணீர் வரும் இடம் தேடி போர்டைத் தலைகீழாகச் சுமந்துகொண்டு அரை மணி நேரம் நடந்தான். ஏறிய பிறகும் கடல்புல் இறக்கையில் சிக்கிச் சிக்கி நிறுத்தியது. அவன் முகத்தில் துளி சலிப்பு இல்லை. அந்த வயது.

அக்கா கரையில் நாற்காலி போட்டு முழுக்கப் பார்த்தார். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபாயிலில் அலை மோதாது, முட்டிக்கு அதிர்ச்சி குறைவு, கற்றுக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தான். "அதுல விழுந்து விழுந்து எழறது யாருப்பா?" என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்து போய்விட்டார். அவன் சொன்னது தப்பில்லை. நேரம்தான் தப்பு.

ஜூன் 20

எங்களோடு சேர வேண்டிய இன்னொரு கைட் ஆள், நாகர்கோவில்காரர், இன்றுதான் புறப்பட்டார். முப்பந்தலில் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டார்: "காத்தாடி எல்லாம் சும்மா பிய்ச்சுக்கிட்டு சுத்துது மக்கா." ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்று எங்களுக்கும் வர வேண்டும் என்று சட்டமில்லை. ஆனாலும் ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கேட்க வைத்தேன்.

மாலை 11 வந்தது. 14 வந்தால் போதும். எண்ணில் பார்த்தால் மூன்றுதான் வித்தியாசம், ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 11-லிருந்து 14-க்குப் போனால் கையில் வரும் இழுப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். அந்த மூன்றுக்காகத்தான் இத்தனை பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

இரவு தம்பி 2024 ஒலிம்பிக் வீடியோக்களைப் போட்டான். மார்செய் கடலில் விண்ட்சர்ஃபிங்கும் ஃபாயிலில், அந்த வருடம் முதல்முறையாகச் சேர்த்த கைட்டும் ஃபாயிலில். சிங்கப்பூர்ப் பையன் மேக்ஸ் மேடர் 17 வயதில் வெண்கலம் வாங்கினான், அதுவும் அவன் நாட்டு தேசிய தினத்தன்று. தம்பிக்கு அவன்தான் எல்லாம். அக்கா முழுக்கப் பார்த்துவிட்டு, "1984-லதான் விண்ட்சர்ஃபிங்க ஒலிம்பிக்ல சேர்த்தாங்க. அப்ப எல்லா போர்டும் தண்ணிய அறைஞ்சுக்கிட்டுதான் போகும்" என்றார். அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். ஃபாயில் எவ்வளவு அழகாக இருந்தாலும், வேகம் பிடிக்கிற போர்டு காலுக்கடியில் படபடவென்று அடிப்பதை அது தராது.

ஜூன் 21

யாரும் ஜூலை 7 பற்றிப் பேசவில்லை.

ஜூன் 22

காற்று 12. தனுஷ்கோடி போய் இடம் பார்த்தோம். தேவாலயச் சுவர் பக்கம் ஒருவர் ட்ரோன் வைத்துக்கொண்டு நின்றார். அந்த இடிபாட்டுக்கு மேலே கைட் பறக்கிற மாதிரி ஒரு ஷாட் வேண்டும், காசு தருகிறேன் என்றார். மாட்டோம் என்றோம். 1964 டிசம்பர் 22 இரவு ஒரு ரயிலையே ஆட்களோடு கடல் கொண்டுபோன ஊர் இது. எங்களுக்குத் துணைக்கு வரப்போகும் படகுக்காரரின் பாட்டி அந்த இரவைப் பார்த்தவராம். அங்கே நின்று வேடிக்கை காட்ட எனக்கு மனம் வராது.

படகுக்காரரிடம் பேசி முடித்தாயிற்று. அவர் படகு இல்லாமல் வடபக்கத்தில் யாரும் இறங்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். இப்போது வீசுவது கச்சான். தென்மேற்கிலிருந்து வந்து, இந்த ஒல்லியான மணல்திட்டைத் தாண்டி, வடக்கே கடலுக்குள் போகிறது. அதனால்தான் அந்தப் பக்கம் தண்ணீர் அலையில்லாமல் கிடக்கிறது. ஆபத்தும் அதனால்தான். விழுந்து, செயிலைத் தூக்க முடியாமல் கிடந்தால், காற்று ஆளைக் கரைக்குக் கொண்டுவராது. வடகிழக்கே இலங்கை எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளும். இங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.

தென்பக்கம் மன்னார் வளைகுடா, அங்கே கரையை நோக்கி அடிக்கும். ஆனால் அலை. அந்த முட்டியோடு அலையில் முடியாது.

ஜூன் 23

தூக்கமில்லை, எழுதுகிறேன்.

மேற்கே ராமேஸ்வரம் பக்கமாகப் போகும்போது அக்காவுக்கு இடது கால் முன்னால், வலது கால் பின்னால். விழுந்தாலும் போர்டில் முதலில் மடக்கி வைக்க வேண்டியது வலது கால். நல்ல கால். திரும்பிக் கிழக்கே வரும்போது எல்லாம் மாறும். இடது காலை மடக்கிப் போர்டில் வைத்து அதன் மேல் எழ வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொள்வார். போவது சுகம், வருவது முடியாது. சாப்பிடும்போது முழுக்க இதே நினைப்பு. நாகர்கோவில்காரர் என்ன என்று கேட்டார், தட்டில் அப்பளத்தை இரண்டு பக்கமும் நகர்த்திக் காட்டினேன்.

அவர்தான் சொன்னார்: "அப்பொ எதுக்கு திரும்பி வரணும்?"

சரிதானே. எதற்குத் திரும்பி வர வேண்டும்? முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்குக் கடலை ஒட்டியே ரோடு போகிறது, 5 கி.மீ. கம்பிப்பாடு பக்கம் இறக்கிவிட்டால் மேற்கே ஒரே ஓட்டம். சத்திரத்தில் வண்டியோடு ஒருவர் நிற்க வேண்டும். திட்டு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டிருப்பதால் கச்சான் சரியாக விலாப்பக்கம் வரும். அரிச்சல்முனை வரைக்கும் போகவே வேண்டாம், அங்கே இழுப்பு பொல்லாதது, குளிக்கவே விடமாட்டார்கள்.

அக்காவிடம் காலையில் சொல்ல வேண்டும். என்னால் முடியாது என்று முடிவு கட்டிவிட்டீர்களா என்று கேட்டால் என்ன சொல்வது?

ஜூன் 24

15 தொட்டது. ஆனால் காலையிலேயே கரைவலை விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள் கயிறு இழுத்துக்கொண்டு நிற்கும்போது குறுக்கே போக முடியாது, போகவும் கூடாது, அது அவர்கள் சோறு. தம்பியும் டாக்டரும் போய்க் கயிறு பிடித்தார்கள். வலை கரைக்கு வருவதற்குள் மேகம் மூடி, காற்று 10-க்கு இறங்கிவிட்டது. அக்கா செயிலைச் சுருட்டும்போது யாரும் உதவிக்குப் போகவில்லை. போனால் கோபம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரே ஓட்டம் யோசனையைச் சொன்னேன். "யோசிக்கிறேன்" என்றார். திட்டவில்லை.

ஜூன் 25

18!

5.5 சதுர மீட்டர் செயில். டாக்டரும் நானும் போர்டைத் தூக்கிக்கொண்டு போனோம், அக்கா ஒரு கையால் என் தோளைப் பிடித்துத் தண்ணீருக்குள் நடந்தார். இடுப்பளவு வந்ததும் கையை எடுத்துவிட்டார். செயிலைக் காட்டினார். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை, எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் காற்று பிடித்தது. தூக்கியது! முட்டி மடங்கவே இல்லை, அப்படியே நேராக எழுந்து நின்றார். ஹார்னஸ் (இடுப்புப் பட்டை) மாட்டிச் சாய்ந்ததும் போர்டு அந்தச் சத்தம் போட ஆரம்பித்தது.

நாகர்கோவில்காரர் 9 மீட்டர் கைட்டில் அக்காவுக்குக் கடல் பக்கமாக ஓடினார். படகு இன்னும் கொஞ்சம் வெளியே. நான் டாக்டரோடு வண்டியில். ரோட்டிலிருந்து செயில் தெரியும், மறையும், தெரியும். ஒரு இடத்தில் விழுந்தார். டாக்டர் வண்டியை நிறுத்திவிட்டான். இருவரும் பேசவில்லை. மறுபடி செயில் எழுந்தது. வலது கால்தானே, நல்ல கால்தானே என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சத்திரத்தில் வந்து இறங்கியதும் முதலில் கேட்டது: "எவ்வளவு நேரம் ஆச்சு?" டாக்டர் சொன்னான். "அவ்வளவுதானா?" என்றார். படகுக்காரர் கரைக்கு வந்து, "யம்மா, நல்லா ஓட்டுறீங்க" என்றார். அதற்குத்தான் அக்கா அழுதார்.

இரவு முட்டி வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்திருக்கிறோம்.

ஜூன் 26

வீக்கம் பாதி வற்றிவிட்டது. காற்று 17, இன்னும் ஏறுமாம். அக்கா 4.7 செயிலை எடுத்து வைக்கச் சொல்கிறார். இன்று கிழக்கேயும் போவாராம், இடது காலைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். கூடாது என்று சொல்லிவிட்டேன். ஜூலை 7-க்குப் பிறகு எந்தக் கால் எதற்கு ஒத்துழைக்கும் என்று யாருக்குத் தெரியும், இன்றைக்கு விடு என்கிறார் நாகர்கோவில்காரர். டாக்டர் படகுக்காரரிடம் இரண்டாவது படகு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். கிடைத்தால் யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.