மல்லாட்டை (வேர்க்கடலை) வாசனையோடு பீநட் பட்டர் குக்கீஸ்: மூன்றாவது தடவை

மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, வெண்ணெய் சேர்ந்த பேக்கிங் மிக்ஸ் இருந்தால் சட்டென்று செய்துவிடலாம் என்று படித்ததிலிருந்து இந்தக் குக்கீஸ் மேல் ஒரே ஆசை. முட்டை வேண்டாம், இனிப்புக்குக் கண்டென்ஸ்டு மில்க் போதும் என்பதால் தனியாகச் சர்க்கரையும் வேண்டாம். ஆனால் சரியாக வர மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முதல் வாரம் காட்பாடியில் நான் போன கடையில் பேன்கேக் மிக்ஸ்தான் கிடைத்தது. அதிலேயே சர்க்கரை இருப்பதை நான் கவனிக்கவில்லை. கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்ந்ததில் ஒரே திகட்டல், அடியும் கருகிவிட்டது.

அடுத்த வாரம் மிக்ஸை வீட்டிலேயே செய்தேன். 2 கப் மைதா, 1 டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் உப்பு மூன்றையும் சலித்து, 4 டேபிள்ஸ்பூன் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டு விரல் நுனியால் புட்டு மாவு பதத்துக்கு உதிர்த்தேன். மிக்ஸ் நன்றாகவே வந்தது. ஆனால் வேலூர் சித்திரை வெயில் தெரியுமே, நாற்பது டிகிரியைத் தாண்டும். சாக்லேட்டோ 35 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். கலக்கும்போதே சாக்லேட் சிப்ஸ் கரைந்து மாவெல்லாம் பழுப்பாகிவிட்டது. அதோடு, தொட்டால் மெத்தென்று இருக்கிறதே, வேகவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஐந்து நிமிடம் விட்டேன். ஆறியதும் கடிக்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் அம்மா வந்திருந்தார். பீநட் பட்டர் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, “இதுல வாசனையே இல்லையேடி. அணைக்கட்டு ஊர்லேர்ந்து வந்த மல்லாட்டை இருக்குதே, அதை வறுத்து அரை. சின்னத் தீயில வறு” என்றார்.

இரும்புச் சட்டியில் இருபது நிமிடம் நிதானமாக வறுத்து, தேய்த்து, முறத்தில் தோலைப் புடைத்தேன். மிக்ஸியில் முதலில் பொடியாகிறது. அப்புறம் ஈரமண் மாதிரி ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொள்கிறது. இங்கேதான் பொறுமை வேண்டும், தண்ணீர் மட்டும் ஊற்றிவிடக் கூடாது. ஜார் சூடேறினால் நிறுத்தி, வழித்துவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். நாலைந்து தடவைக்குப் பின் தானாகவே எண்ணெய் கசிந்து, பளபளவென்று தோசை மாவு போல இளகியது. அடுத்த அறை வரை வாசனை!

1 கப் மிக்ஸ், அரை டின் கண்டென்ஸ்டு மில்க், 6 டேபிள்ஸ்பூன் மல்லாட்டை விழுது, அரை டீஸ்பூன் வெனிலா. எல்லாம் கலந்து அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். ஃப்ரீசரில் இருந்த கால் கப் சிப்ஸைக் கடைசியில்தான் சேர்த்தேன். நெல்லிக்காய் அளவு உருட்டி, முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தினேன். இந்த மாவு தானாகப் பரவாது, அழுத்தாவிட்டால் உருண்டையாகவே நின்றுவிடும்.

180 டிகிரிக்குச் சூடேற்றிய ஓடிஜியில் (சின்ன மின்சார அவன்) சரியாக 9 நிமிடம். ஓரம் லேசாகச் சிவந்து, நடுவில் இன்னும் மெத்தென்று இருக்கும்போதே தட்டை வெளியே எடுத்தேன். கைபடாமல் பத்து நிமிடம் விட்டதும் தானாக இறுகியது.

ஓரம் மொறுமொறு, உள்ளே மிருது. சாக்லேட் தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தது. அம்மா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, “மல்லாட்டை உருண்டை மாதிரியே இருக்குது” என்று இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். 23 குக்கீஸ் வந்தன. மாலைக்குள் டப்பாவில் மிஞ்சியது ஆறு.