ஒரு கையெழுத்து பாக்கி

மே 5
அக்னி நட்சத்திரம். கானாடுகாத்தானில் முகப்பு ஒரு வீதியிலும் பின்வாசல் அடுத்த வீதியிலுமாக வீடுகள் நீண்டு கிடப்பதால், வீதியில் நிற்பவர் கண்ணுக்குப் படுவதில் பெரும்பகுதி மூடிய கதவும் மதிலும்தான். ஆளற்ற ஊர் என்று படமெடுக்க வருகிறவர்கள் இந்த மதில்களைத்தான் எடுத்துப் போகிறார்கள்.

மே 6
நம் வீட்டைப் பழுதுபார்க்கக் கோலாலம்பூரில் இருக்கும் பங்காளியிடம் கையெழுத்துக் கேட்டிருந்தேன். பதில் இல்லை.

மே 8
அடுத்த வீட்டு ஆச்சி, வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள உள்வீடுகளில் தமக்குரிய ஒன்றை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, மற்றப் புள்ளிகளின், அதாவது பங்குள்ள மற்றக் குடும்பங்களின், பூட்டுகளுக்கும் வெள்ளிதோறும் எண்ணெய் விடுகிறார். எந்தப் பூட்டு பினாங்கு, எந்தப் பூட்டு சென்னை என்று விரல் நீட்டிச் சொன்னார். படமெடுக்க வந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். “முகப்போடு திரும்பிவிட்டார்கள் தம்பி, இரண்டாங்கட்டு வரை வந்திருந்தால் இலை போட்டிருப்பேன்” என்றார். பால்காரருக்கும், பின்கட்டில் குடியிருக்கும் காவல்காரர் குடும்பத்துக்கும் இது ஊர்தான். அவர்கள் பெயர்தான் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

மே 10
காரைக்குடி, முனீஸ்வரன் கோவில் வீதி. பழம்பொருள் கடையொன்றில், கஜலட்சுமியின் பாதத்தில் குங்குமம் கெட்டிப்பட்டிருந்த தேக்கு வாசல்நிலை ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. விலை கேட்டேன். சொன்ன தொகையை நம் வீட்டு நிலைகளோடு பெருக்கிப் பார்த்துக்கொண்டே பேருந்தில் வந்தேன். நகரத்தாரில், பர்மாவில் வட்டித்தொழில் செய்து, 1930களின் நெல்விலை வீழ்ச்சியில் கடனுக்கு ஈடாக வந்த வயல்களையும் சேர்த்துக்கொண்டவர்கள், 1942இல் ஜப்பானியர் நுழைந்தபோது கிடைத்த வழியில் ஊர் திரும்பினார்கள். 1948இல் அந்நாட்டின் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. முன்பே கப்பலேறியிருந்த தேக்குதான் மிஞ்சியது. இப்போது அதுவும் தூண் தூணாகப் போகிறது.

மே 11
கோடைமழை. மேற்கு மூலையில் நீர் இறங்குகிறது. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுவர், பழுப்பேறிய இடத்திலும் கைக்கு வழுவழுப்பாகவே இருக்கிறது. விளிம்பில் நகம் பட்டதும் உள்ளங்கை அகலம் பெயர்ந்து விழுந்தது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய ஊர் இது. பட்டியல் ஓடு மாற்றித் தருவதில்லை.

மே 12
பதில் வந்தது. விற்பதென்றால் கையெழுத்திடுவாராம், பழுதுபார்ப்பதென்றால், முன்னோரை வழிபடும் படைப்புக்குக் கூடும்போது பங்காளிகள் எல்லாரும் பேசிக்கொள்ளலாமாம். அதற்குள் எத்தனை மழை?

மே 13
ஓடு மாற்றுகிறவர் காலையில் வருகிறார். மேற்கு மூலையை மட்டும், எவரையும் கேட்காமல், செய்யச் சொல்லியிருக்கிறேன். ஏணியை ஆச்சி தருகிறார்.