உயரத்தை வைத்துத் திட்டமிடுங்கள்: சின்னப் பிள்ளைகளோடு பிடதி வொண்டர்லாவில் ஒரு பகல்

பிடதி அருகே உள்ள கேளிக்கைப் பூங்காவான பெங்களூரு வொண்டர்லாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டிய முதல் வேலை உயரம் அளப்பது. செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்தி, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கிடையாக வைத்து, அதன் அடிவிளிம்பில் பென்சிலால் கோடு போட்டு டேப்பால் அளந்தால் போதும். இங்கே குழந்தை டிக்கெட்டுக்கு வயது கணக்கில்லை. 85 செ.மீ.க்குக் கீழே இலவசம். 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட். 140ஐத் தாண்டிவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் பெரியவர் டிக்கெட்தான். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் பலரும் 85ஐத் தொட்டிருப்பார்கள். ‘கைக்குழந்தைதானே’ என்று அளக்காமல் விட வேண்டாம். காலையில் அளப்பதற்கும் மாலையில் அளப்பதற்கும் ஒரு செ.மீ. வரை வித்தியாசம் வரும். பகல் முழுக்க ஓடியாடியதில் முதுகெலும்புக்கு இடையே உள்ள தட்டுகள் கொஞ்சம் அமுங்கிவிடும். விளிம்பில் நிற்கிற பிள்ளையை இரண்டு வேளையும் அளந்து பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

டிக்கெட் காசைவிட இந்த அளவு வேறொன்றுக்கு முக்கியம். ஒவ்வொரு ரைடின் வாசலிலும் உயரப் பலகை இருக்கும். முன்னே பாய்ந்து போய் அதே பாதையில் பின்னோக்கி வருகிற ரீகாயில் மாதிரியான ரைடுகளில், தோளையும் மடியையும் பிடித்துக்கொள்ளும் கம்பிகள் பெரியவர் உடம்புக்கு அளவெடுத்தவை. சின்னப் பிள்ளை உட்கார்ந்தால் கம்பி முழுக்க இறங்கிய பிறகும் இடைவெளி மிஞ்சும். வண்டி வெடுக்கென்று திரும்பும்போது உடம்பு அந்த இடைவெளியில் நழுவிவிடும். தவிர, குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிது, கழுத்துத் தசைக்கு இன்னும் வலு வந்திருக்காது. ‘ரெண்டு செ.மீ. தானே, விடுங்க சார்’ என்று வாசலில் நிற்கும் ஊழியரிடம் வாதாடும் அப்பாக்களை எல்லாப் பூங்காவிலும் பார்க்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிள்ளையை எக்கி நிற்கச் சொல்வதும், சாக்ஸுக்குள் எதையாவது திணித்து அனுப்புவதும் அதே ரகம்தான்.

ஆகவே அன்றைய நாளைத் திட்டமிட வேண்டியது, குடும்பத்திலேயே குட்டையான பிள்ளையின் உயரத்தையும் அந்தப் பிள்ளையின் தூக்க நேரத்தையும் வைத்துத்தான். கொடுத்த காசுக்கு எத்தனை ரைடு ஏறினோம் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் மூன்று மணிக்குள் எல்லாரும் எரிச்சலில் இருப்பார்கள். அண்ணனுக்கு 142, தங்கைக்கு 95 என்றால் அப்பா ஒருவரோடும் அம்மா இன்னொருவரோடும் பிரிந்துகொள்ளுங்கள்; முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளலாம். தாத்தா பாட்டியை நாள் முழுக்க பை காக்க உட்கார வைப்பது அநியாயம். பைக்கு லாக்கர் இருக்கிறது. குழந்தைகளுக்கான ராட்டினத்திலும் குட்டி ரயிலிலும் பேரப்பிள்ளையோடு அவர்களும் வரட்டும்.

இந்தப் பூங்கா 2005இல் திறந்தது. கொச்சியில் 2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியவர்களின் இரண்டாவது பூங்கா. பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் சுமார் 28 கி.மீ., பிடதிக்குச் சற்று முன்னால். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து காரில் வருகிறவர்கள் ஓசூர் தாண்டியதும் எலெக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் ரோட்டில் ஏறிவிடுங்கள்; நகரத்துக்குள் நுழையாமலே மைசூர் ரோட்டில் கொண்டுபோய் விடும். சுங்கம் உண்டு, கையில் ரொக்கம் இருக்கட்டும். மைசூர் ரோட்டுக்கு வந்ததும் கவனம் தேவை. 2023இல் திறந்த விரைவுச்சாலையின் நடுப் பாதையில் போனால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, இறங்குவழிகள் தூரம் தூரமாகத்தான் வரும். சர்வீஸ் ரோட்டிலேயே போவது நிம்மதி.

சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும் வண்டியாகப் பார்த்து எடுத்தால், அங்கேயே மெட்ரோவின் ஊதாப் பாதையைப் பிடித்து நகரத்தைக் குறுக்கே கடந்து, கடைசி நிலையமான சல்லகட்டா வரை மாறாமல் போகலாம். மிச்சத் தூரத்துக்கு பஸ் அல்லது கால்டாக்சி. மைசூர் போகும் பாசஞ்சர், மெமு வண்டிகள் பிடதியிலேயே நிற்கும். ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளோடு அதில் ஏறி இறங்குவது சிரமம்.

எந்த மாதம் போவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். ஏப்ரல், மே விடுமுறையிலும் தசராவை ஒட்டியும் கூட்டம் நெரியும். தசராவில் மைசூர் போகும் வண்டிகளும் அதே சாலையில்தான். டிசம்பர், ஜனவரியில் வார நாள் காலியாக இருக்கும் என்று நம்பி வந்தால் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வரிசையாக நிற்கும். பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், அந்த மாதங்களில் நனைந்தால் குளிரும். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் பாதி வரை, செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாள், இதுதான் என் தேர்வு. பெரிய பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், வெயிலும் ஏற ஆரம்பித்திருக்கும். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

துணி விஷயத்தில் வாசலில் தினமும் தகராறு. தண்ணீர் ரைடுகளில் நைலான் அல்லது லைக்ரா நீச்சலுடை கட்டாயம். பருத்தி, ஜீன்ஸ், சேலை, சுடிதார் எதுவும் ஆகாது. காரணம் இருக்கிறது. பருத்தியிலிருந்து பிரியும் நூலும் பஞ்சும் சுத்திகரிப்பு வடிகட்டியை அடைக்கும். நனைந்த பருத்தி கனத்து, சறுக்கின் நடுவில் ஆளை நிறுத்திவிடும். பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். ஜிப்பும் உலோகப் பொத்தானும் ஃபைபர் சறுக்கின் மேல்பூச்சைக் கீறிவிடும், அந்தக் கீறல் அடுத்து வருகிற குழந்தையின் முதுகைக் கிழிக்கும். பெண்களுக்கு முழங்கை வரை, கணுக்கால் வரை மூடுகிற லைக்ரா உடைகள் ஊரிலேயே கிடைக்கின்றன, வாங்கிக்கொண்டே வாருங்கள். பிள்ளைகளுக்கு நீல நிறம் வேண்டாம், தண்ணீரோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. ஆரஞ்சு, அடர் இளஞ்சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் என்றால் நூறு பேர் நடுவிலும் கண்டுபிடிக்கலாம். சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும் என்பதால் நீச்சல் டயப்பர் தேவை. அதுவும் மலத்தை மட்டும்தான் தடுக்கும், சிறுநீரை அல்ல. அரை மணிக்கொரு முறை பார்த்து, உடை மாற்றும் அறையில் மாற்றுங்கள், குளக்கரையில் அல்ல.

காலையில் திறந்ததும் உலர் ரைடுகள். கூட்டம் முதலில் பெரிய ரைடுகளைப் பார்த்து ஓடும். அந்த ஒரு மணி நேரம் குழந்தைகள் பகுதி கிட்டத்தட்ட உங்களுக்கே. சுற்றுகிற ரைடுகளைச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுங்கள், வயிறு நிறைந்த பிறகு ஏறினால் வாந்திதான். வரிசையைத் தாண்ட உதவும் ஃபாஸ்ட்டிராக் டிக்கெட், ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு வீண். நீண்ட வரிசை நிற்பதே அவர்களால் ஏற முடியாத ரைடுகளில்தானே.

தண்ணீர் ரைடுகள் நண்பகல் வாக்கில் திறந்து ஐந்து மணி வாக்கில் மூடும். அன்றைய நேரத்தை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கேதான் பெற்றோர் கண்ணை எடுக்கக் கூடாது. அலைக்குளம் கடற்கரை மாதிரிச் சரிந்து ஆழமாகும். கரையோரம் முழங்கால் அளவே இருந்த தண்ணீர், அலை வரும்போது பிள்ளையின் மார்புக்கு ஏறிக் காலைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அலை பின்வாங்கும்போது ஆழத்தை நோக்கி இழுக்கும். கூட்டம் நெருக்கி நின்றால் உயரமான இருக்கையில் இருக்கும் காவலருக்கும் குழந்தை தெரியாது. மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய்வரும், அவ்வளவுதான். அதனால் குழந்தைக்கும் ஆழத்துக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள், கை எட்டும் தூரத்தில். அலைக்கான மணி அடித்ததும் அக்குளுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குங்கள். ஒரு கையை மட்டும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழங்கை மூட்டு பிசகிவிடும். கையில் மாட்டும் காற்றுப் பைகளையும் ரப்பர் வளையத்தையும் நம்பாதீர்கள், ஒரு அலையில் கவிழ்ந்துவிடும். லைஃப் ஜாக்கெட் போட்டால் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரிய அளவு, மாற்றுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கில் இறங்குவது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் கால் முறிவு நடப்பதே அப்படித்தான். பிள்ளை தனியாக இறங்கும்போது கால் ஓரத்தில் சிக்கினால் வேகம் நின்றுவிடும். மடியில் இருந்தால் பெரியவரின் எடையும் சேர்ந்து தள்ளும், சிக்கிய கால் முறுக்கிக் கெண்டைக்காலுக்கு முன்னால் உள்ள எலும்பு உடையும். தனியாக இறங்க முடியாத பிள்ளைக்கு அந்தச் சறுக்கு வேண்டாம். குழந்தைகள் குளத்தில் உள்ள குட்டிச் சறுக்கே போதும்.

செயற்கை மழையில் நனைந்தபடி ஆடுகிற மழை நடனம் நடக்கிற இடத்தில் பாட்டுச் சத்தம் பலம். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரும்பாலும் பயந்து அழுவார்கள், வற்புறுத்த வேண்டாம். அரை மணி நேரம் தண்ணீரில் இருந்தால் கால் மணி நேரம் கரை. உதடு நீலம் பாய்ந்தாலோ பல் கிட்டித்தாலோ ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்ற கெஞ்சலுக்கு மசியாமல் தூக்கித் துவட்டி உலர்ந்த துண்டில் சுற்றுங்கள். சின்ன உடம்பு வெகு சீக்கிரம் சூடு இழக்கும். சன்ஸ்கிரீனைத் தண்ணீரில் இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்னால் பூசி, இரண்டு மணிக்கொரு முறையும் துவட்டிய பிறகும் மறுபடி பூச வேண்டும்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள், கைக்குழந்தையின் உணவுக்கு மட்டும் தடையில்லை. வழியிலேயே இட்லி மாதிரி லேசாகச் சாப்பிட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கு முன்போ இரண்டேகாலுக்குப் பிறகோ வைத்துக்கொண்டால் வரிசை இருக்காது. சாப்பிட்டதும் சின்னது தூங்கும். நிழலாக ஓரிடம் பார்த்து ஒரு மணி நேரம் தூங்க விடுங்கள், அந்தத் தூக்கம்தான் மாலையைக் காப்பாற்றும். ஓஆர்எஸ் பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அதே அளவில் கலக்குங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தைப் பாதி பிரித்து டம்ளரில் போடுவதால் உப்பு கூடிக் கெடுதல் ஆகும். பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் வரும் பானங்கள் இதற்கு ஈடல்ல.

காலையில் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகளை நிற்க வைத்துத் தலை முதல் கால் வரை ஒரு படம் எடுங்கள். நீச்சலுடைக்கு மாறியதும் இன்னொரு படம். காணாமல் போன பிள்ளையின் உடையை விவரிக்கச் சொன்னால் பதற்றத்தில் எந்த அம்மாவுக்கும் வாய் வராது; போனைக் காட்டினால் போதும். பேனாவில் எழுதிய நம்பர் தண்ணீரில் அழிந்துவிடும். அழியாத மார்க்கரால் முன்கையில் எழுதுங்கள், அல்லது நனையாத கைப்பட்டையில் எழுதிக் கட்டுங்கள். வழி தவறினால் யாரோடும் நடக்காமல் அதே இடத்தில் நின்று, சீருடை போட்ட அக்காவையோ அண்ணனையோ கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

நாலரைக்குத் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து மணிக்கு எல்லாரும் ஒன்றாக வந்தால் குளிக்கவும் உடை மாற்றவும் இடம் கிடைக்காது, லாக்கர் முன்னாலும் நெரிசல். நல்ல தண்ணீரில் தலையோடு குளிப்பாட்டி, தலையைச் சாய்த்துக் காதுமடலை மெல்ல இழுத்துத் தண்ணீரை வடியவிட்டு, துணியால் வெளிப்புறம் மட்டும் ஒற்றுங்கள். பட்ஸ் வேண்டாம். ஞாயிறு மாலை என்றால் மைசூரிலிருந்து திரும்பும் வண்டிகளால் கெங்கேரிப் பக்கம் தேங்கும். கிளம்பும் முன்பே பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். நனைந்த நீச்சலுடையை அன்று இரவே அலசிக் காயப்போட்டால்தான் குளோரின் எலாஸ்டிக்கை அரிக்காது. அடுத்த இரண்டு மூன்று நாளில் காதுமடலைத் தொட்டாலே வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தையோ எண்ணெயையோ ஊற்றாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.