வானம் பார்த்த தோல்

கள்ளிப்பழத்தின் சதையை எடுத்துவிட்டுத் தோலைத் தூக்கி எறியப் போனேன். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிவந்த உட்பக்கம் மேலே பார்க்கும்படி அதை மணலில் வைத்தார். மழையைக் கூப்பிடவாம்.

அமெரிக்காவின் அரிசோனா, ஜூன் மாத வெயில். சகுவாரோ கள்ளி நாலைந்து ஆள் உயரம். செத்த கள்ளியின் உள்கழிகளை இணைத்துக் கட்டிய தொரட்டியால்தான் பழத்தைத் தள்ளுகிறார்கள். இந்த மண்ணின் பழங்குடிகளான தொஹோனோ ஓதாம் மக்களுக்குப் புத்தாண்டே இந்த அறுவடையில்தான்.

பழத்தைக் காய்ச்சிய பாகில் கொஞ்சத்தைப் புளிக்கவைத்து, மழைச் சடங்கில் குடிப்பார்கள்.

அந்தக் காலத்தில் பாகுக்கும் தண்ணீருக்கும் மண்பானைதான். சக்கரம் கிடையாது. உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டியே வனைந்த பானை.

திரும்பும்போது பார்த்தேன். கள்ளியடியெல்லாம் சிவப்புத் தோல்கள், வாயைத் திறந்தபடி.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நானும் ஒன்றை வைத்துவிட்டு வந்தேன்.