72 படங்களுக்கு ஒரே அகலம்

எங்கள் பகுதி நடுகற்களைப் பற்றி நண்பர்கள் சேர்ந்து எழுதிய சிறு நூலை மைக்ரோசாஃப்ட் வேர்டில் பக்கம் அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு சென்ற மாதம் எனக்கு வந்தது. நான்கு பேர் நான்கு கைபேசிகளில் எடுத்த 72 ஒளிப்படங்கள், ஒன்றுக்கொன்று ஒவ்வாத அளவுகளில் கோப்பில் ஒட்டப்பட்டிருந்தன. மூலையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யத் தொடங்கினேன். பத்துப் படங்கள் முடிவதற்குள்ளேயே அகலங்கள் முன்னும் பின்னுமாகப் போயின. இரண்டு கற்களின் புடைப்புச் சிற்பங்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் வாசகருக்கு இது பெரிய இடையூறு என்பதால் அந்த வழியைக் கைவிட்டேன்.

முதலில் தெளிவுபெற வேண்டியது, படம் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதே. வேர்டில் ஒரு படம் எழுத்தைப்போல வரிக்குள் அமரலாம். அல்லது வரியிலிருந்து விடுபட்டு மிதக்கலாம். மிதக்கும் படங்களைக் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே அளவு கொடுக்க முடியும். வரிக்குள் இருப்பவற்றை அப்படித் தேர்ந்தெடுக்க முடியாது. இதற்காகவே பலர் எல்லாப் படங்களையும் மிதக்கவிடுகிறார்கள். நீண்ட நூலுக்கு அது தவறான முடிவு என்றே கருதுகிறேன், ஏனென்றால் முன்பக்கத்தில் ஒரு பத்தி கூடினாலும் படங்கள் தம் விளக்கவரியை விட்டு நகர்ந்துவிடுகின்றன.

வரிக்குள் இருக்கும் படங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. படங்கள் பத்துப் பதினைந்துதான் என்றால், ஒன்றின் அளவை உரையாடல் பெட்டியில் மாற்றிவிட்டு, அடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்து எஃப் 4 விசையை அழுத்தினால் போதும். கடைசியாகச் செய்த மாற்றம் அப்படியே அதற்கும் பொருந்தும். படங்கள் மிகுதியாக இருந்தால், ஒரே வேலையைத் தானாகத் திரும்பத் திரும்பச் செய்யும் சிறு நிரலான மேக்ரோதான் வழி. ஆல்ட், எஃப் 11 விசைகளைச் சேர்த்து அழுத்தித் திறக்கும் சாளரத்தில், ஆவணத்தின் வரிப்படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அகலம் மாற்றும் ஐந்தாறு வரி நிரலை எழுதினேன். அளவை அங்கே பாயின்டில்தான் கொடுக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட் என்பதால் 12 செ.மீ. ஏறத்தாழ 340 ஆகிறது. உயரம் தானாக மாறும் என்று நம்பாமல், பழைய அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு அதையும் நிரலிலேயே எழுதிவிடுவது பாதுகாப்பானது; கல்லில் நிற்கும் வீரன் குட்டையாகிவிடக் கூடாது. நிமிர்த்தி எடுத்த படங்களுக்கு 12 செ.மீ. அகலம் தந்தால் அவை பக்கத்தையே விழுங்கிவிடும். ஆகவே உயரம் அகலத்தைவிட மிகுந்தவற்றுக்கு உயரம் 10 செ.மீ. என்று தனி நிபந்தனை வைத்தேன். கோப்பின் நகல் ஒன்றைச் சேமித்துக்கொண்ட பிறகே மேக்ரோவை இயக்க வேண்டும்.

நிரலை இயக்கியபின் சில படங்கள் மெல்லிய கீற்றாக மட்டும் தெரிந்தன. தமிழ் எழுத்துருவுக்காக வரி இடைவெளியைத் துல்லியமான அளவில் பூட்டி வைத்திருந்ததே காரணம். அந்தப் பத்திகளுக்கு ஒற்றை இடைவெளி கொடுத்ததும் படங்கள் முழுமையாக வந்தன.

படங்களைச் சுருக்கி, கோப்பின் எடையைக் குறைக்கும் வேலையைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். 12 செ.மீ. அகலத்தில் அச்சிட 330 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 330 பிக்சல்) அடர்த்திக்கு ஏறத்தாழ 1,560 பிக்சல் போதும் என்றாலும், முன்னதாகவே சுருக்கிவிட்டால் பிறகு ஒரு கல்வெட்டு வரியைப் பெரிதாக்கிக் காட்ட நினைக்கும்போது எழுத்துகள் மங்கிவிடும்.